கார்த்தேஜின் ஏடும் துனீசியாவின் ஒலிவ மரமும்



சென்ற தவணையில், உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் மாணவன் ஒருவன் ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றான். தமிழாசிரியனிடம் கேட்பதற்கு உரிய கேள்வியன்று அவன் கொண்டுவந்தது.

"சேர், கார்த்தேஜைப் பற்றி உரோமர் எழுதினதைப் படிக்கிறம். கிரேக்கர் எழுதினதைப் படிக்கிறம். கார்த்தேஜ்காரர் தங்களைப் பற்றி என்ன எழுதி வைச்சவை?"

"ஒண்டும் மிஞ்சேல்லைத் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மணி அடித்துவிட்டது, எனக்கு அடுத்த பாடம் இருந்தது. ஆனால் அன்று முழுவதும் அந்த விடை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நான் தவழும் குழந்தை. எனினும் அந்தச் சாம்பலைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் இன்னொரு நகரத்தின் ஏடுகளைப் பற்றி 'ஒன்றும் மிஞ்சவில்லை' என்று இத்தனை இலகுவாகச் சொல்லியிருக்கக்கூடாது. ஆகவே தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைத் துனீசியா என்ற நாட்டின் ஊடாக வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இழுத்துச் சென்றது. அந்நாட்டில் நான் கால் வைத்தவன் அல்லன். வரைபடமும் நூல்களுமே எனக்கு வாகனம். நேயர்களும் அதே வாகனத்தில் ஏறிக்கொள்ளலாம்.

மத்தியதரைக் கடலின் தென்கரையில், அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் நடுவே அமைந்த நாடு துனீசியா. பரப்பளவில் நமது இலங்கையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதன் வடகிழக்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கும் பொன் முனையிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவு 150 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் உள்ளது. இந்த நெருக்கமே அந்நாட்டின் வாழ்வுக்கும் தாழ்வுக்கும் காரணமாயிற்று. இன்னுமொரு செய்தி. 'ஆபிரிக்கா' என்ற பெயரை உரோமர் முதலில் இட்டது கார்த்தேஜைச் சூழ்ந்த இந்தச் சிறு நிலப்பகுதிக்குத்தான். பின்னரே அப்பெயர் படிப்படியாக ஒரு கண்டம் முழுவதற்கும் உரியதாயிற்று.

கார்த்தேஜை நிறுவியோர் இன்றைய லெபனான் கரையிலிருந்த தைர் நகரத்துப் பினீசிய வணிகர். மரபு வழியாகச் சொல்லப்படும் ஆண்டு கி.மு. 814. 'கார்த் ஹதாஷ்த்' என்றால் அவர்கள் மொழியில் புதிய நகரம் என்று பொருள். எலிசா என்ற அரசி கரையேறி, ஒரு மாட்டுத்தோல் மூடும் அளவு நிலம் போதும் என்று கேட்டு, பின்னர் அத்தோலை மெல்லிய வாராகக் கீறி ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாள் என்பது கதை. அந்தக் குன்று பீர்சா. கிரேக்க மொழியில் பீர்சா என்றால் தோல். சொல்லின் ஒலியைப் பிடித்துக்கொண்டு கிரேக்கர் கட்டிய கதை இதுவென்பது தெளிவு. ஊர்ப்பெயருக்குக் காரணக் கதை கட்டுவது நமக்கும் புதிதன்று. ஆனால் இதில் ஒன்று கவனிக்கத்தக்கது: அந்நகரத்தின் பிறப்புக் கதையே அயலார் வாயிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது.

அதன் இறப்பைப் பற்றியும் அயலாரே சொல்கின்றனர். உரோமுக்கும் கார்த்தேஜுக்கும் மூன்று போர்கள் நடந்தன. முதலாவது கி.மு. 264 முதல் 241 வரை. இரண்டாவது ஹனிபலின் போர். 218 இல் யானைகளோடு அல்ப்ஸ் மலையைக் கடந்து, 216 இல் கன்னே என்னுமிடத்தில் உரோமப் படையை அழித்து, 202 இல் தன் தாய்மண்ணிலேயே ஸாமா என்ற களத்தில் அவன் தோற்ற கதையை நேயர்கள் அறிவர். மூன்றாவதைப் போர் என்று சொல்வதே கூசும். கார்த்தேஜ் ஆயுதங்களை ஒப்படைத்த பின்னரும், நகரத்தைக் கைவிட்டு உள்நாட்டுக்குப் போய்க் குடியேறுங்கள் என்று உரோமர் கட்டளையிட்டதால் மூண்ட முற்றுகை அது.

அந்தப் போருக்கு உரோமில் நெருப்பு மூட்டியவர் கேட்டோ என்ற முதியவர். செனற் சபையில் அவர் தம் அங்கியிலிருந்து புத்தம்புதிய அத்திப்பழங்களை எடுத்துக் காட்டி, இவை கார்த்தேஜில் பறிக்கப்பட்டு மூன்று நாட்களே ஆகின்றன, எதிரி அத்தனை அருகில் இருக்கிறான் என்றாராம். அவரே உரோமரின் உழவுத் தொழில் பற்றி நூல் எழுதியவர். பழத்தின் செழிப்பைக் கண்டு ஓர் உழவனுக்கு வரும் பொறாமையும் அந்தப் பேச்சில் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கி.மு. 146 இல் ஸிப்பியோ எமிலியானஸ் நகரத்தைக் கைப்பற்றி எரித்தான். பீர்சாக் குன்றிலிருந்து சரணடைந்து இறங்கியோர் 50,000 பேர் என்று அப்பியன் எழுதுகிறார். அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். எரியும் நகரைப் பார்த்து ஸிப்பியோ கண்ணீர் விட்டானாம். அருகே நின்ற பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் அதைப் பதிவு செய்தார். மண்ணில் ஒரு புல்லும் முளைக்கக்கூடாது என்று உரோமர் உப்பைத் தூவி உழுதனர் என்று பல பாடநூல்களில் படித்திருப்போம். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பண்டைய நூலாசிரியர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. அது பிற்காலத்தார் ஒட்டிய கதை. உரோமருக்கு அந்த மண்ணின் விளைச்சல் வேண்டியிருந்தது. வேண்டிய மண்ணில் எவன் உப்பைத் தூவுவான்?

இனி ஏடுகளுக்கு வருவோம். கார்த்தேஜில் நூலகங்கள் இருந்தன. அவற்றை என்ன செய்தார்கள் என்பதைப் பிளினி என்ற உரோம அறிஞர் ஓரிரு வரிகளில் சொல்லிச் செல்கிறார். செனற் சபை அந்நூலகங்களை ஆபிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டது. ஒரேயொரு நூலை மட்டும் இலத்தீனில் மொழிபெயர்க்கும்படி கட்டளையிட்டது. அது மாகோ என்பவர் எழுதிய வேளாண்மை நூல். 28 பாகங்கள் கொண்டது. கேட்டோவின் நூல் ஏற்கெனவே கையில் இருந்தபோதும் இந்த மொழிபெயர்ப்பு வேண்டியதாயிற்று என்பதையும் பிளினி குறிப்பிடத் தவறவில்லை. பியூனிக் மொழி தெரிந்தோரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. கிரேக்கத்திலும் அந்நூல் 20 பாகங்களாக வந்தது. பின்னர் ஆறாகச் சுருங்கியது. கொலுமெல்லா என்ற உரோம வேளாண் ஆசிரியர் மாகோவை உழவுத் தொழிலின் தந்தை என்றே அழைக்கிறார்.

எதிரியின் கடவுளரும் கவிதையும் சட்டமும் வரலாறும் உரோமருக்கு வேண்டியிருக்கவில்லை. எதிரி எப்படி மரம் நட்டான் என்பது மட்டும் வேண்டியிருந்தது. அந்த மொழிபெயர்ப்புகளும் இன்று இல்லை. பிறர் நூல்களில் மேற்கோளாகச் சிதறிய துணுக்குகளே எஞ்சியுள்ளன. எனினும் அத்துணுக்குகளைப் படிக்கும்போது ஒரு மனிதரின் குரல் கேட்கிறது. நிலம் வாங்குபவன் நகரத்து வீட்டை விற்றுவிட வேண்டும் என்கிறார் மாகோ. நகரத்து வீட்டை விரும்புபவனுக்குத் தோட்டம் எதற்கு என்பது அவர் கருத்து. மாதுளம்பழத்தைச் சூடான கடல்நீரில் தோய்த்து, வெயிலில் உலர்த்தித் தொங்கவிட்டால் நாட்படக் கெடாது என்கிறார். மாட்டின் வயிற்றிலிருந்து தேனீக்கள் தோன்றும் என்றும் எழுதியிருக்கிறார். எல்லாத் தந்தையரும் சில வேளைகளில் இப்படித்தான்.

அத்துணுக்குகளுள் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. ஒலிவ மரங்களை எல்லாப் பக்கமும் 75 அடி இடைவெளி விட்டு நடவேண்டும். வறண்டு இறுகிய, காற்று மோதும் நிலமாயின் 45 அடியாவது விடவேண்டும் என்பது மாகோவின் விதி. கேட்டோ சொன்ன இடைவெளியோ முப்பது அடியைத் தாண்டவில்லை. 75 உரோம அடி என்பது ஏறத்தாழ 22 மீற்றர்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தில் தெற்கே இறங்கிப் பாருங்கள். துனீசியாவின் வடமேற்கு மலைகளில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும் இடங்கள் உண்டு. அங்கே தக்கை தரும் ஓக் காடுகள். அதற்குக் கீழே மெஜேர்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோதுமை வயல்கள். இன்னும் தெற்கே மலை முதுகைக் கடந்ததும் மழை குறைந்துகொண்டே போகிறது. கிழக்குக் கரையிலுள்ள ஸ்பாக்ஸ் நகரை அடையும்போது ஆண்டு மழை 200 மில்லிமீற்றர் வரைதான். அதற்கும் அப்பால் வெண்மையாகக் காயும் ஜெரீத் உப்பேரி, பேரீச்சஞ் சோலைகள், பிறகு சகாரா.

ஸ்பாக்ஸைச் சூழ்ந்த அந்த வறண்ட நிலத்தில்தான் கண்ணுக்கெட்டிய தூரம் ஒலிவத் தோட்டங்கள். ஒரு மரத்துக்கும் மற்றதற்கும் இடைவெளி 24 மீற்றர். ஹெக்டேயருக்குப் பதினேழே மரங்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் செம்மண் பாயில் புள்ளிக்கோலம் போட்டது போலத் தெரியும். காரணம் எளியது. பெய்யும் மழை சொற்பம். ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் 576 சதுர மீற்றர் நிலத்தின் ஈரத்தைத் தனியுரிமையாகக் கொடுத்துவிடுகிறார்கள். வேர் பக்கவாட்டில் பரந்து சென்று அதைக் குடிக்கிறது. இடையில் களை முளைத்து ஈரத்தைத் திருடாதபடி நிலத்தை அடிக்கடி மேலோட்டமாகக் கிளறிவிடுகிறார்கள்.

மாகோவின் 75 அடியும் ஸ்பாக்ஸின் 24 மீற்றரும் அருகருகே வந்து நிற்கின்றன. உடனே, பாருங்கள் இருபது நூற்றாண்டுத் தொடர்ச்சி என்று கூவிவிட ஆசைதான். ஆனால் வரலாறு அத்தனை நேராக ஓடவில்லை. உரோமர் காலத்தில் அப்பகுதி எண்ணெயால் கொழித்தது. எல் ஜெம் என்ற ஊரில் வெட்டவெளியில் இன்றும் நிற்கும், 35,000 பேர் அமரக்கூடிய அரங்கம், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஒலிவ எண்ணெய்ச் செல்வத்தால் எழுந்தது. பின்னர் அந்த உள்நாட்டுத் தோட்டங்கள் அழிந்தன. நிலம் மேய்ச்சலுக்குப் போயிற்று. 1881 இல் பிரான்ஸ் துனீசியாவைத் தன் பாதுகாப்பு நாடாக்கிக்கொண்ட பிறகு, போல் பூர்த் என்ற வேளாண்மை அதிகாரி அந்தப் புல்வெளியில் உரோமர் காலத்து எண்ணெய்ச் செக்குகளின் கல்லிடிபாடுகளைக் கண்டார். மழை மாறவில்லை, மரம்தான் போய்விட்டது என்று முடிவு செய்து 1893 இல் அறிக்கை எழுதினார். அதன்பின் தோட்டங்கள் மீண்டன. நிலத்தில் பெரும்பங்கு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எனினும் எப்படி நடுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பது ஸ்பாக்ஸ் உழவரின் கையில் முன்னரே இருந்த அறிவு. 'மகார்சா' என்ற பழைய குத்தகை முறைப்படி, உழவன் கன்று நட்டு வளர்ப்பான். மரம் காய்க்கத் தொடங்கியதும் தோட்டத்தின் பாதி அவனுக்குச் சொந்தமாகும். அந்த முறையில்தான் பெரும்பாலான தோட்டங்கள் உருவாயின.

துனிஸ் நகரத்தின் பழம்பெரும் பள்ளிவாசலுக்கும் 'செய்த்தூனா' என்றே பெயர். அரபு மொழியில் அது ஒலிவம். அதன் தூண்களுட் பல கார்த்தேஜ் இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கி.பி. 670 இல் உக்பா இப்னு நாபி நிறுவிய கைரவான் நகரத்துப் பெரிய பள்ளிவாசலிலும் அப்படியே. வரலாற்றுக்கு ஓர் இலக்கணம் வகுக்க முயன்ற இப்னு கல்தூன் 1332 இல் பிறந்தது இந்தத் துனிஸில்தான்.

பயணத்தில் பசியும் உண்டல்லவா? துனீசியரின் தலையாய உணவு கூஸ்கூஸ். கோதுமை ரவையில் நீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி உருட்டிச் சிறு மணிகளாக்கி, அரித்து, கண்ணுள்ள பாத்திரத்தில் இட்டு, கீழே கொதிக்கும் குழம்பின் ஆவியிலேயே அவித்தெடுப்பர். நீத்துப்பெட்டியில் புட்டு அவித்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. குழம்பில் ஆட்டிறைச்சியும் கடலையும் மரக்கறியும் சேரும், கரையோரத்தில் மீன். 2020 இல் அல்ஜீரியா, மொரித்தானியா, மொறோக்கோ ஆகியவற்றோடு சேர்ந்து துனீசியா இதை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் பதிவு செய்தது. 2022 இல் தனியே பதிவானது 'ஹரிஸா' என்ற சம்பல். செத்தல் மிளகாயை ஊறவைத்து, உள்ளி, கொத்தமல்லி, சீரக வகை, உப்புச் சேர்த்து இடித்து, மேலே ஒலிவ எண்ணெய் மிதக்கவிட்டு வைப்பது. ஹரிஸா என்ற சொல்லுக்கே இடித்தது என்றுதான் பொருள். ஹனிபல் இதைச் சுவைத்திருக்க முடியாது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து கொலம்பஸ் காலத்துக்குப் பின் வந்தது. நம் சம்பலுக்கும் அதே கதைதான். ஹனிபல் உண்டிருக்கக்கூடியது மாதுளை. உரோமர் அதைப் பியூனிக் ஆப்பிள் என்றே அழைத்தனர். தாவரவியலார் இன்றும் வழங்கும் 'பியூனிக்கா' என்ற பெயரில் அந்த நாமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்பாக்ஸுக்கு எதிரே கடலில் கெர்க்கென்னாத் தீவுகள். ஆழமில்லாத கடல். அங்குள்ளோர் ஈச்ச மட்டைகளைக் கடலடியில் வரிசையாக ஊன்றி வேலி கட்டி, வற்றும் நீரோடு திரும்பும் மீனைக் கூட்டுக்குள் ஒதுக்கிப் பிடிப்பர். 'சர்பியா' என்று பெயர். யாழ்ப்பாணக் கடனீரேரியில் களங்கட்டி பார்த்தவர்கள் தலையசைப்பார்கள். கி.மு. 195 இல் ஹனிபல் சொந்த ஊராரின் சூழ்ச்சிக்கும் உரோமரின் பிடிக்கும் தப்பி இரவோடிரவாக ஓடியபோது முதலில் தங்கியது இந்தத் தீவில்தான் என்று லிவி எழுதுகிறார். அதன்பின் அவன் தாய்நாடு திரும்பவில்லை.

கார்த்தேஜ்காரரின் வீட்டைப் பார்க்க வேண்டுமானால் கார்த்தேஜுக்குப் போய்ப் பயனில்லை. அங்கே உரோமர் மறுபடி கட்டியதுதான் மிகுதி. பொன் முனைக் கரையிலுள்ள கெர்க்குவானுக்குப் போகவேண்டும். முதற்போர்க் காலத்தில் கைவிடப்பட்டு, பின்னர் எவரும் குடியேறாமல் மண்மூடிக் கிடந்து, 1952 இல் வெளிப்பட்ட சிற்றூர். வீட்டுக்கு வீடு, செந்நிறச் சாந்து பூசிய, உட்கார்ந்து குளிக்கும் தொட்டிகள். ஒரு வீட்டின் வாசலில் தானித் என்ற பெண் தெய்வத்தின் குறி, வெள்ளைக் கல்லால் பதித்தபடி. குழந்தைகளைப் பலியிட்டோர் என்று எதிரிகள் அவர்களைப் பற்றி எழுதினர். கார்த்தேஜில் எரிந்த குழந்தை எலும்புகள் அடங்கிய தாழிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவை பலியா, இயற்கையாக இறந்த சிசுக்களா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். எதிரி எழுதினான் என்பதற்காகவே அதைப் பொய்யென்று தள்ளவும் நமக்கு உரிமையில்லை.

மேற்கே டுக்கா என்னும் மலையூரில் 21 மீற்றர் உயரக் கல்லறைக் கோபுரம் ஒன்று உண்டு. அதில் பியூனிக், லிபிய மொழிகள் இரண்டிலும் பொறித்த கல்வெட்டு இருந்தது. 1842 இல் பிரித்தானிய கொன்சல் தோமஸ் ரீட் அந்தக் கல்லுக்காகக் கோபுரத்தையே பிரித்தெடுத்தார். கோபுரத்தைப் பிரெஞ்சுக்காரர் பின்னர் மீண்டும் அடுக்கி நிறுத்தினர். கல் இன்னும் இலண்டனில் இருக்கிறது. லிபிய எழுத்தை வாசிக்க வழி திறந்ததும் அதே கல்தான்.

மொழியோ நகரத்தோடு அழியவில்லை. உரோம நாடகாசிரியர் பிளாட்டஸ் தம் நகைச்சுவை நாடகம் ஒன்றில் ஒரு கார்த்தேஜ் வணிகனை மேடையேற்றி, பியூனிக் மொழியிலேயே அவனைப் பேசவைத்தார். சிரிப்பதற்காக எழுதிய அப்பகுதி இன்று மொழியியலாருக்குப் புதையல். நகரம் எரிந்து ஐந்து நூற்றாண்டு கழிந்த பின்னர், கார்த்தேஜில் படித்த அகுஸ்தீனார், நீங்கள் யார் என்று நாட்டுப்புற உழவரைக் கேட்டால் 'கானானியர்' என்று பியூனிக்கில் விடை சொல்வதாக எழுதுகிறார். கானான் அவர்கள் மூதாதையர் புறப்பட்ட கரை.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் அந்த மாணவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அப்ப அந்தச் சிற்றரசருக்குக் குடுத்த புத்தகங்கள் என்னவானது, சேர்?" என்றான்.

இம்முறை 'ஒன்றுமில்லை' என்று சொல்லவில்லை. கார்த்தேஜ் எரிந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆபிரிக்காவில் ஆளுநராக இருந்த சல்லஸ்ற் என்ற உரோமர், அந்நாட்டு மக்களின் பூர்வீகத்தை எழுதும்போது, ஹியெம்ப்சல் மன்னனுடையவை எனப்பட்ட பியூனிக் நூல்களிலிருந்து தமக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டதையே எழுதுவதாகக் குறிப்பிடுகிறார். அதுவரை அவை இருந்தன. எவரோ ஒருவர் அவற்றை விரித்து வைத்து அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்.